கண்டிக்குப் பயணம் சொன்னேன்

ஓகஸ்ட் 9, சனி

கச்சான் காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் பப்படமாய் விறைத்து, மணல் வேறு. மறுபடியும் அலசல்.

மகள் நுஸ்ராவின் பட்டமளிப்பு வருகிற சனி, கண்டியில், பேராதனைக் கம்பஸில். அழைப்பு அட்டை இரண்டு. உம்மாவுக்கு ஒன்று, வாப்பாவுக்கு ஒன்று. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி வாய் மூடவில்லை, இவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொல்கிறார்: "ஒனக்கு பஸ் ஒத்துவராதே புள்ள. ஒன்ட அட்டய ராத்தாக்கு எண்டு சொல்லிட்டன்."

ராத்தா என்றால் இவருடைய அக்கா, என் மதினி. போன கிழமையே சொல்லியாயிற்றாம். மதினி சட்டை தைக்கவும் கொடுத்தாயிற்றாம். பெற்றவளுக்குத்தான் கடைசியில் தகவல்.

எனக்குப் பஸ் பயம். இங்கே எழுத என்ன வெட்கம். போன வருசம் மஹியங்கனை தாண்டி, பதினெட்டு வளைவு மலைப்பாதையில், நெஞ்சு இறுகி, கை மரத்து, மவுத்து வந்துவிட்டது என்றே நினைத்தேன். கத்தி நிறுத்தி இறங்கினேன், ஒற்றைச் செருப்போடு. அதன் பிறகு, கிட்டத்தில் இருக்கும் நிந்தவூருக்கு அப்பால் போனதில்லை.

இவருக்கு ஊசி பயம். இரத்தம் எடுக்கப் போனால் ஆள் பிடிக்க வேண்டும். அதற்காக அவருடைய அட்டை எதையும் யாரும் பறித்ததில்லை.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

இன்று கிடைத்த வைத்தியங்கள்.
மதினி: கண்ணூறு. தண்ணி ஓதிக் குடிக்க வேண்டும்.
தம்பி: வயிற்றில் கேஸ்.
பாமசிக்காரன்: சத்திக் குளிசை. எனக்கு வாந்தி வருவதில்லை என்று எத்தனை தரம் சொல்வது!
இவர்: "யோசிக்காம இரி." ஓம், அது தெரியாமல்தான் இவ்வளவு காலம் இருந்தேன்.

நுஸ்ரா மட்டும் போனில் ஒழுங்காகக் கதைத்தாள். "மூச்ச மெதுவா வெளிய உடுங்க உம்மா. பயம் வந்தா வரட்டும் எண்டு இரிங்க. கூடிக் கூடிப் போய் மறுகா தானாக் கொறையும். கிட்டக் கிட்டப் போய்ப் பழகுங்க."

மிக்ஸியின் மூடி உடைந்தது.

ஓகஸ்ட் 11, திங்கள்

அனல் வெயில். பழகுவதற்காக ஒலுவில் வரை பஸ், தனியே. காரைதீவுச் சந்தியில் கை குளிர்ந்தது. நிந்தவூரில் எழும்பிவிட்டேன்.

கொண்டக்டர்: "எறங்குறதா, இல்லயா? கெதியாச் சொல்லுங்க!"

அந்த அதட்டலுக்கு வந்த கோபத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஒலுவில் வரை கோபத்திலேயே போய்ச் சேர்ந்தேன். கோபம் இருக்கும் இடத்தில் பயத்துக்கு இடம் குறைவு போல.

இறங்கி ஐஸ் பழம் ஒன்று. கடலைக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸில் வீடு. கருவாடு வாங்க மறதி.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

போவது என்று முடிவு. ஆனால் வழியில் மவுத்தாகிவிட்டால்? பக்கத்து வீட்டு ஹாஜறா மாமியோடு முருங்கைக் கொப்பு வெட்டியதில் பெருநாளிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அதற்கு மன்னிப்புக் கேட்காமல் மலையேற முடியாது. அசர் தொழுதுவிட்டுப் போனேன்.

"மாமி, பயணம் ஒண்டு போறன். என்னப் பொருந்திக்கங்க."

மாமி என்னைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினா. நானும் அழுதேன். எங்கே போகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஓகஸ்ட் 13, புதன்

யா ரப்பே. ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் போகிறவர்கள்தான் நம்மூரில் வீடு வீடாகப் பயணம் சொல்லி, இப்படிப் பொருத்தம் கேட்பார்கள். கண்டிக்குப் போக எவள் கேட்டாள்! மாமி நான் உம்றாவுக்குப் போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டா.

காலையிலிருந்து கேற் சாத்தவில்லை. ஸம்ஸம் தண்ணி ஒரு போத்தல் வேண்டுமாம். பேரீச்சம்பழம் வேண்டுமாம். "கஃபத்துல்லாவக் கண்ட ஒடன என்ட மகன்ட விசாக்கு ஒரு துஆ." ஒருத்தி வெள்ளைக் காலுறை கொண்டுவந்தாள். இல்லை, இல்லை என்று சொல்லித் தொண்டை போயிற்று.

மதினியும் வந்தா, வட்டிலப்பத்தோடு. "எங்களுக்கும் மறச்சிட்டயேகா, உம்றாவ."

"உம்றா இல்ல மதினி. கண்டி. நுஸ்ராட பட்டமளிப்பு."

"அப்ப என்ட அட்ட?"

"அது என்ட அட்ட."

வட்டிலப்பத்தைத் திரும்பக் கொண்டு போய்விட்டா.

மஃரிபுக்குப் பிறகு இவர்: "ஊரே சிரிக்கிது."

சிரிக்கட்டும். எனக்கு எரிவது வேறு. நான் பிளேன் ஏறி மக்கா போவேன் என்றால் தெருவே நம்புகிறது. பஸ் ஏறி என் மகளின் பட்டமளிப்புக்குப் போவேன் என்று இந்த வீட்டில்கூட நம்ப ஆள் இல்லை. இதை அப்படியே இவருடைய முகத்துக்கு நேரே சொன்னேன். ரீவியைப் போட்டார்.

ஹாஜறா மாமி மதிலுக்கு மேலால்: "கண்டியா? அப்ப வரக்கொள்ள பூக்கண்டு ஒண்டு கொண்டு வாகா. பொருந்தினது பொருந்தினதுதான்."

ஓகஸ்ட் 14, வியாழன்

பை: தைலம், இஞ்சி டொபி, தோடம்பழம், நுஸ்ராவின் சாரி. அட்டைகள் அவளிடம்.

மதினி அவளுக்கே போன் எடுத்துக் கேட்டாவாம். "உம்மா வாறா மாமி" என்றாளாம். என் பிள்ளை.

ஓகஸ்ட் 15, வெள்ளி

வளைவு முடிந்து, மேலே தேத்தண்ணிக்கு நிறுத்தியிருக்கிறான். தூறல், குளிர். எழுத்து கோணல்.

காரைதீவுச் சந்தியிலேயே இவர்: "எறங்குவமா? இன்னும் ஆட்டோ எடுக்கலாம்." நீங்க எறங்குங்க என்றேன்.

மலையில் எல்லாம் வந்தது. நெஞ்சு இறுகல், கை மரப்பு, மவுத்து. மூச்சை விட்டேன். வரட்டும் என்று இருந்தேன். போதவில்லை. மதினியின் "என்ட அட்ட"யை நினைத்தேன். போதுமாயிருந்தது. செருப்பு இரண்டும் காலில்.

நடு வளைவில் எதிரே பெரிய லொறி. எங்கள் டிரைவர் பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்தான். இவருடைய ஜன்னலுக்கு வெளியே ரோட்டே இல்லை, பள்ளம்தான். முன் கம்பியை இவர் பிடித்த பிடியில் கை வெளுத்துப் போயிற்று.

"புள்ள," என்றார். "ஊரெல்லாம் பொருத்தம் கேட்டாய். என்னட்ட மட்டும் கேக்கலயே."

"நீங்கதான் என்னட்ட கேக்கணும்."

பஸ் இன்னும் பின்னுக்கு.

"பொருந்திக்க புள்ள."

"மேல போய்ச் சேரட்டும். யோசிப்பம்."

சேர்ந்துவிட்டோம். இரண்டு கையிலும் தேத்தண்ணியோடு, சிந்தாமல், மெதுவாக வருகிறார். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.