ஒன்றரைக்கு முன் வெட்டிய கரை

இன்று ஏரியில் மிச்சத் தண்ணீர் வழியும் கலங்கலுக்கு மஞ்சள் குங்குமம் போட வந்தவர்கள் ஐந்து பேர். நான், மூன்றாவது தெரு டீச்சரம்மா, பால் பூத் கலா, அவள் மாமியார். ஐந்தாவதாக உங்கள் மகள். அவளை யாரும் கூப்பிடவில்லை அக்கா, ஊரப்பாக்கத்திலிருந்து அவளாகவே வந்தாள். நீங்கள் போன பிறகு ஏரி நிரம்பிக் கலங்கல் மேல் வழிவது இதுதான் முதல் தடவை. அந்தச் சேற்று வாடை மூக்கில் ஏறியதுமே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

உங்கள் வீடு கரைக்குக் கீழே, எங்கள் வீடு கரைக்கு உள்ளே. உங்கள் நிலமெல்லாம் மனையாகிப் போய், வீடும் மாட்டுக் கொட்டகையும் மட்டும் மிஞ்சியிருந்தன. நாங்களோ மலிவாகக் கிடைக்கிறதே என்று தண்ணீர் நிற்கிற இடத்தில் மனை வாங்கியவர்கள். பால் ஊற்ற வந்த முதல் மழைக்காலத்திலேயே கேட்டீர்களே: "ஏரிக்குள்ள வூடு கட்டிக்கினு, ஏரி வூட்டுக்குள்ள வந்துட்ச்சின்னு அழுவுறீங்க. இன்னா நியாயம்டி இது?" எனக்குக் கோபம் வரவில்லை. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை கங்கையம்மனுக்கு விளக்குப் போட உங்களோடுதான் போவேன். எட்டாம் வகுப்போடு நின்ற நான் நானாகக் கற்றுக்கொண்டது கணக்கு எழுதுவது ஒன்றுதான். மதகுப் படிக்கட்டில் எத்தனை படி முழுகியிருக்கிறது என்று தினமும் நோட்டில் குறிப்பேன். "ஏரிக்கே ரேஷன் கார்டு போட்டுட்டியா?" என்று சிரிப்பீர்கள்.

நீங்கள் போன அந்த வாரம் பதினான்கு படியும் முழுகிவிட்டன. எங்கள் பூஜையறையில் கீழ்வரிசைப் படங்கள் வரை தண்ணீர். கரையை வெட்டிவிட்டால் இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும் என்று எங்கள் தெரு ஆண்கள் பேசி முடித்தார்கள். வியாழக்கிழமை. பகல் பன்னிரண்டரைக்கு என் வாசலுக்கு வந்து ராகு காலம் எப்போது என்று கேட்டார்கள். ஒன்றரையிலிருந்து மூன்று என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பத்து நிமிடத்தில் நீங்கள் போன் செய்தீர்கள். "உங்க ஆளுங்க கரைய வெட்டப் போறாங்களாமே. உண்மைய சொல்லு. மாட்டப் புடிச்சிக்கினு இப்பவே கெளம்பட்டா?"

"ராகு காலம் கழிச்சுத்தான் அக்கா. மூணு மணிக்கு முன்னாடி மண்ணுல கை வைக்க மாட்டாங்க. சமைச்சு, சாப்ட்டு, நிதானமா கெளம்புங்க."

நம்பித்தான் சொன்னேன். நிதானம் உள்ளவர்கள் ராகு காலம் கழியட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். அவசரக்காரர்கள் அது பிறப்பதற்குள் முடித்துவிடுவார்கள். இது எனக்குத் தெரியாததா? என் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று நானே அப்படித்தான் ஓடினேன். நீங்கள் போன் செய்த அன்றைக்கு மட்டும் புத்திக்கு எட்டவில்லை.

ஒரு மணிக்கு என் வீட்டுக்காரர், கற்பூரத் தட்டை எடுத்துக்கொண்டு வா என்று கூப்பிட்டார். கரைமேல் போனால், கடப்பாரையும் மண்வெட்டியுமாக நான்கு பேர். முதல் கடப்பாரை இவர் கையில். நான் போனை எடுத்தேன். இவர் பார்த்துவிட்டார். குரல்கூட உயரவில்லை.

"இப்ப சொன்னா கீழ்த்தெருவே மேல வந்து நிக்கும். அப்புறம் நம்ம வீட்ட நீயே தேடிக்கோ." கொஞ்சம் பொறுத்து, "கற்பூரம் நனையுது, ஏத்து" என்றார்.

ஏற்றினேன் அக்கா. ஒன்று பன்னிரண்டுக்கு முதல் வெட்டு. தண்ணீர் மண்ணை அறுத்துக்கொண்டு மொத்தமாக இறங்க இருபது நிமிடம் பிடித்தது. அங்கிருந்து பார்த்தால் உங்கள் வீட்டுக் கூரை தெரியும். அதன் மேல் அடுப்புப் புகை. நான் சொன்னபடி சமைத்துக்கொண்டிருந்தீர்கள். அந்த இருபது நிமிடமும் போன் என் இடுப்பில்தான் இருந்தது.

கொட்டகைச் சுவர் உங்கள் மேல் விழுந்ததாகச் சொன்னார்கள். கன்றுக்குட்டியின் கயிறு கையில் சுற்றியிருந்ததாம். சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டில் தண்ணீர் வடிந்துவிட்டது. பூஜையறையைக் கழுவிக் கோலம் போட்டு விளக்கேற்றினேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உங்களுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தது எங்கள் தெருதான். கீழே வரிசையாக நான்கு பெயர், முதல் பெயர் இவருடையது. "மாட்டுக்காக உசுரக் குடுத்த புண்ணியவதி" என்று அந்த நால்வரில் ஒருவர் உங்கள் மகளிடமே சொன்னபோது நானும் தலையாட்டினேன். அதிகாரிகள் விசாரிக்க வந்தார்கள். என் நோட்டை வாங்கிப் பார்த்து, இவ்வளவு தண்ணீருக்குக் கரை தானாக உடைந்திருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். அந்த நோட்டில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்க்குச் சாட்சியானது அதுதான்.

இன்று குங்குமம் போட்டு முடிந்ததும் உங்கள் மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். "சித்தி, அம்மா கடைசியா போன் பேசுனது உங்ககிட்டதான். அம்மா போன்ல பாத்தேன். கேக்கவே பயமா இருந்துச்சு. அம்மா என்ன சொன்னாங்க?" அப்படியே உங்கள் கண். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னால், பேப்பரிலிருந்து தலை நிமிராமல், "பால் கணக்கு பேசுனாங்கன்னு சொல்லேன்" என்கிறார்.

மூன்று மணி வரை வெட்ட மாட்டார்கள் என்று நம்பி நான் ஏமாந்ததை மட்டும் சொன்னால், அதற்குள் கரை தானாக உடைந்ததாக நினைத்து அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள். உங்க மேல தப்பில்ல சித்தி என்றுகூடச் சொல்வாள். கரைமேல் நின்ற இருபது நிமிடத்தையும் சொன்னால், இவர் ஜெயிலுக்குப் போவார், அவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள். அம்மன் முன்னால் இரண்டு பொட்டலம் வைத்துப் பூக்கட்டிப் பார்க்கலாம். ஆனால் அன்று கரைமேல் கற்பூரம் ஏற்றியதே அந்த அம்மனுக்குத்தான். அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பாதியைச் சொல்வதா, முழுவதையும் சொல்வதா? உங்கள் மகள் ஞாயிறு பதினோரு மணிக்கு வருகிறாள். இன்று வெள்ளி. கனவிலாவது வந்து, நாளை ராத்திரிக்குள் எனக்குப் பதில் சொல்லுங்கள் அக்கா.