ஒழுகிய இடம் தெரிந்துவிட்டது

லிங்கம்,

சோறும் நெத்திலிக் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிக்கொள். நானும் அப்பாவும் சிங்காரம் வீட்டு விசேஷத்துக்குப் போகிறோம்.

காரைப் பார்க்க பிரிஞ்சாங்கிலிருந்து மெக்கானிக் நாகப்பன் வந்தான். அப்பா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "தாப்பா மலை ரோட்டுல கொதிக்கக் கொதிக்க ஓட்டி இன்ஜினைக் கெடுத்துட்டான் என் மகன். இனி அவனைத் தொடவிட மாட்டேன். தினம் தண்ணி ஊத்துறேன், கீழ ஒரு சொட்டு ஒழுகலை. இன்ஜின்தான் குடிக்குது."

"எப்ப பாத்தீங்க அண்ணே?"

"காலையில."

"காலையில இன்ஜின் ஆறிக் கிடக்கும் லா!"

அவன் ஆயில் பார்க்கும் கம்பியை உருவினான். "ஆயில் வெளுக்கலை. உள்ள தண்ணி போகலை." பிறகு காரை முடுக்கி நன்றாகச் சூடேற விட்டான். ரேடியேட்டரின் அடிக்குழாய் வெடிப்பிலிருந்து தண்ணீர் பீச்சியது. "பழைய ரப்பர். சூட்டுலதான் விரியும். யார் ஓட்டினாலும் இதேதான்."

இன்ஜின் தப்பியதே என்று அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. குழாயை மாற்றியதும் உன்னைத் திட்டியது நினைவு வந்திருக்கும். காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றேன்.

"அவன் வந்து கேக்கட்டும்."

"கேக்க மாட்டான். உங்க மகனாச்சே."

சாயங்கால பஸ்ஸில் திலகம் ரிங்லெட்டில் இறங்குகிறாள். காரிலேயே போய்த் தங்கச்சியைக் கூட்டி வா.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: சாவி உன் தலையணை மேல் இருக்கிறது. நான் வைத்ததாகச் சொல்லச் சொன்னார். நான் வைக்கவில்லை.

அம்மா