நகர்ப் பொதுமக்கள்

ஊரப்பாக்கம்,
பிப்ரவரி 3.

அன்பு மகள் ஜெரூஷாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நீயும் போபாலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, உன் நாடகக் குழுவில் எல்லோரோடும் சமாதானமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஞாயிறுதோறும் போனில் பேசுகிறவருக்குக் கடிதம் எதற்கு என்று உனக்குத் தோன்றும். போனில் நான் ஆரம்பித்தால் நீ குறுக்கே மாத்திரை போட்டீங்களா என்று கேட்பாய், நானும் போட்டேன் என்று சொல்லிவிட்டுச் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். மூன்று வருஷமாக அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருக்கிறேன். அதனால் இன்று பேப்பரை எடுத்து வைத்து உட்கார்ந்துவிட்டேன், முடிக்காமல் எழுந்திருப்பதில்லை.

அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் சர்ச்சில் கொயர் பிராக்டிஸை மட்டும் விடுவதில்லை, மாடிப்படி ஏறத்தான் வலிக்குமாம், ஆல்டோ குரலில் பாட வலிக்காதாம். நீ போன பிறகு கிளாம்பாக்கத்தில் பஸ் ஸ்டாண்ட் வந்து, ஜி.எஸ்.டி. ரோட்டை நான் கடந்து முடிப்பதற்குள் ஒரு ஜெபம் முடிந்துவிடுகிறது. டிசம்பர் மழையில் வீட்டுக்குள் கணுக்கால் அளவுதான் தண்ணீர் வந்தது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய், முழங்காலுக்கு மேல் வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த உன் போட்டோக்களெல்லாம் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அம்மா பொறுமையாகப் பிரித்துக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தாள். ஞாயிறு பள்ளி ஏஞ்சலாகவும், காலேஜ் நாடகத்தில் ஒட்டுமீசை வைத்த நீதிபதியாகவும் நீ வராந்தா முழுக்க வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தாய். பார்க்க முடியாமல் நான் உள்ளே போய்விட்டேன். உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது ஜெரூ. இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, எழுதத்தான் வருகிறது.

தண்ணீர் வடிந்து இரண்டு வாரத்தில் ஸ்டெபின் வந்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் நடக்காமல் போன உங்கள் தெரு நாடகத்தை நம் நகரில் போட வேண்டும், குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நீங்கள் சம்மதக் கடிதம் தர வேண்டும் சார் என்று கேட்டான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நீ இங்கே இருந்த குழுவை நடத்துகிறவன், உன்னோடு நம் வீட்டில் எத்தனை முறை சாப்பிட்டவன், வாசலிலேயே நின்றான். நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பக்கத்து வீட்டுக் கஸ்தூரிரங்கன் சார் குதித்தார் பார், அரசியல் நாடகத்தையெல்லாம் உள்ளே விட்டால் யூடியூபில் போட்டுவிடுவார்கள், நம் நகர் ஏரிக்குள் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும், ரீசேல் வேல்யூ என்னத்துக்கு ஆகும் என்று. உங்கள் ஹாலில் கெண்டைக் குஞ்சு நீந்தியபோதே தெரிந்துவிட்டது சார் என்றேன். மனுஷன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

முந்தாநாள் ஞாயிறு சாயங்காலம் நான்கு மணிக்குப் போட்டார்கள். உனக்குத் தெரியாததா, மேடை இல்லை, மைக் இல்லை, ஒரு பறை, ஐந்து பேர். முன்பு இங்கே இருந்த சித்தேரியின் தண்ணீர் பல வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பி வருகிறது, பழைய வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தன் வீட்டைத் தேடிக் கதவு கதவாகத் தட்டுகிறது. தட்டுவது நிஜக் கதவு. திறக்கிறவர் என்ன சொல்கிறாரோ அதுவும் நாடகம். தண்ணீராக நீ நடிக்க வேண்டிய இடத்தில் ஈவ்லின் என்று கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு பெண், நல்ல குரல். உன் குரல் இல்லை. அவள் முதலில் நம் கதவைத்தான் தட்டினாள். ஸ்டெபினின் பழைய நோட்டில் ‘முதல் கதவு எங்கள் வீடு’ என்று உன் கையெழுத்தில் இருந்ததாம், அவர்கள் அதை மாற்றவில்லை.

திறந்தேன். தெருவே நிற்கிறது, கஸ்தூரிரங்கன் சார் உள்பட. அவள் என் முகத்தைப் பார்த்து, “ஐயா, இது என் இடம். நான் இப்ப எங்கே போறது?” என்று கேட்டாள். பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று நீ இதே வரியை எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாய், எல்லாம் காதில் கேட்டது. முப்பத்து நாலு வருஷம் வகுப்பில் தமிழ் நடத்திய அதே குரலில், தெருவுக்கே கேட்கும்படி, “தெரிஞ்சுதாம்மா வாங்கினேன். என் பத்திரத்துலயே வடக்கு எல்லை ஏரி வாய்க்கால்னு இருக்கு. படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்” என்றேன். அந்தப் பெண் கையிலிருந்த வரைபடத்தை மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். நாடகம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள், மூன்று நான்கு வீட்டுக்காரர்கள் எங்கள் பத்திரத்திலும் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டார்கள், இரண்டு பேர் சண்டை போட்டுவிட்டு எழுந்து போனார்கள். நாடகம் போட்டால் ஏரி வந்துவிடுமா என்று அன்றைக்கு உன்னைக் கிண்டல் செய்தேன். ஏரி வராதுப்பா, பேச்சு வரும் என்றாய். பேச்சு வந்துவிட்டது. எனக்கு அன்றைக்கு அந்தப் பேச்சைக் கண்டுதான் பயம்.

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உங்கள் நாடகத்தைத் தடுக்கச் சொல்லிப் போலீசுக்குப் போன மனுவை எழுதியது நான்தான். யாரோ சங்கத்து ஆள் என்று உன்னிடம் சொன்னேன். கஸ்தூரிரங்கன் சாராக இருக்குமோ என்று அம்மா சந்தேகப்பட்டபோது இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னேனா, சொல்லவில்லை. முதலில் நம் வீட்டுக் கதவைத்தான் தட்டுவேன் என்று நீ சாப்பிடும்போது சிரித்துக்கொண்டே சொன்னாய், அதற்கு மேல் சாப்பிடாமல் கை கழுவ எழுந்துவிட்டேன். அளக்க வருவார்கள், இடிப்பார்கள், இந்த வயதில் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கே போய் நிற்பேன் என்ற பயம். யாருக்கும் தெரியக் கூடாது என்று கூடுவாஞ்சேரி வரை போய் ஒரு டி.டி.பி. கடையில் அடிக்கக் கொடுத்தேன். பெயர் போடவில்லை, ‘இப்படிக்கு, நகர்ப் பொதுமக்கள்’ என்று முடித்திருந்தேன். கடைக்காரர், நடுவுல ப் எதுக்கு சார், யாரும் போடுறதில்லையே என்றார். பக்கத்திலேயே நின்று போட வைத்தேன். மறுநாள் காலையில் உங்கள் ஐந்து பேரையும் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள், இனிமேல் இங்கே போட மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் விட்டார்கள். அழைத்துப் போக நான்தான் வந்தேன். வழியில் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தேன். நீ பாதி குடித்துவிட்டு, உங்களுக்கும் தொண்டை காஞ்சிருக்கும்பா என்று மீதியை நீட்டினாய். வாங்கிக் குடித்தேன் மகளே. எப்படிக் குடித்தேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. அடுத்த மாதமே நீ போபாலுக்குப் புறப்பட்டுவிட்டாய், நல்ல குழு கிடைத்திருக்கிறது என்று நானும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

நேற்றுக் காலை அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “அவளுக்கு அன்னைக்கே தெரியுங்க” என்றாள். ஸ்டேஷனில் எஸ்.ஐ. அந்த மனுவை உங்களுக்குப் படிக்கக் கொடுத்தாராமே, கடைசி வரியைப் பார்த்ததும் நீ சிரித்துவிட்டாயாமே. தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரை தேடினாலும் மொட்டைக் கடுதாசியில் ஒற்றுப் பிழை பார்க்கிற ஆள் ஒருத்தர்தான் என்று அன்றிரவு அம்மாவிடம் சொல்லிச் சிரித்து, பிறகு அழுதாயாமே. அப்படியானால் அந்தக் கரும்புச் சாற்றை என்னிடம் நீட்டும்போதே உனக்குத் தெரியும். மூன்று வருஷமாக ஞாயிறுதோறும் மாத்திரை போட்டீங்களா என்று கேட்டதும் தெரிந்துகொண்டேதான். “அப்பாவே சொல்லட்டும்மா, நீ கேக்காதே” என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனாயாம். மூன்று கிறிஸ்துமஸுக்கும் நிகழ்ச்சி இருக்கிறது, லீவு இல்லை என்று நீ சொன்னதை அப்படியே நம்பிய மடையன் நான். நீ அங்கே காத்துக்கொண்டிருந்திருக்கிறாய், நான் இங்கே வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நேற்று மாலையே ஸ்டெபினை வரச் சொல்லி அவனிடமும் சொல்லிவிட்டேன். இந்த முறை உட்கார்ந்தான். நான் சொல்லி முடித்ததும், குடிக்கத் தண்ணி குடுங்க சார் என்றான். மற்ற மூன்று பேர் வீட்டுக்கும் இந்த வாரத்துக்குள் நானே போகிறேன், சங்கக் கூட்டத்திலும் சொல்லப் போகிறேன், கஸ்தூரிரங்கன் சாருக்குக் கொண்டாட்டம்தான். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு நல்ல வாக்கியம் கிடைக்கவில்லை ஜெரூ. நான் செய்தது தப்பு. உன்னை ஸ்டேஷனில் உட்கார வைத்தது உன் அப்பா.

கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக, உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. அங்கே எந்தத் தெருவில் நின்று எதைக் கேட்டாலும் கேள், பயந்த மனுஷர்கள் வந்து மிரட்டினால் அவர்கள் வீட்டிலும் ஒரு மகள் இருப்பாள் என்று நினைத்துக்கொள். தொண்டைக்கு வெந்நீர் குடிக்க மறக்காதே. அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள். ஈஸ்டருக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, இப்போதே பார்த்தால்தான் டிக்கெட் கிடைக்கும், எடுத்ததும் எந்த ரயில் என்று சொல், நான் வந்து பிளாட்பாரத்தில் நிற்கிறேன். கோபம் ஆறட்டும், அப்புறம் போகலாம் என்று மட்டும் நாளைக் கடத்தாதே, எனக்கு அறுபத்தெட்டு நடக்கிறது. கோபத்தோடேயே வா.

உன் அப்பா,
தனசிங்