சுவர் கேட்ட ஓட்டு

லிமா,
தேர்தல் முடிந்த செவ்வாய்

அன்புள்ள தியோஃபிலோவுக்கு,

நில்டா எழுதுவது. நானும் நம் பையன் ஜாயிரும் நலம். அங்கே சிலியில் குளிர் தொடங்கியிருக்கும், வெறும் சட்டையோடு சாரத்தில் ஏறாதே. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் கத்துவாய், இல்லையென்றால் பேசாமல் வைத்துவிடுவாய். அதனால்தான் உன் சித்தி மகன் எட்வினிடம் கொடுத்தனுப்புகிறேன்.

குலுக்கலில் என் பெயர் விழுந்துவிட்டது. நாடு முழுக்க இத்தனை பேர் இருக்க, வாக்குச்சாவடி மேஜைக்குத் தலைவியாக உட்கார நான்தான் கிடைத்தேன். போகாவிட்டால் அபராதம். செனோபியா அக்காவிடம் ஜாயிரை விட்டுவிட்டு, விடியும் முன்பே பள்ளிக்கூடத்துக்கு இறங்கிப் போனேன். அக்கா வழியனுப்பும்போதே, "தலைவியம்மா, உங்க ஆட்சியிலயாவது தண்ணி லாரி ஒழுங்கா வருமா?" என்று கிண்டலடித்தாள்.

யார் நின்றார்கள் என்று எட்வின் சொல்லியிருப்பான். அதே ரோடோமிரோ அன்காசிதான். நம் வட்டாரத்துக்கு மேயராக இருந்தது போதாதென்று இப்போது நாடாளுமன்றத்துக்கு. சின்னம் அதே கெண்டி. நம் மலைச்சரிவில் தடுப்புச்சுவர் கட்டுவேன் என்று இரண்டு முறை அடிக்கல் நாட்டியவன். இரண்டு முறையும் பாண்டு வாத்தியம், இரண்டு முறையும் நமக்கு ஆளுக்கொரு கிண்ணம் கோழிச்சாறு. அடிக்கல் மட்டும் இருக்கிறது, சுவரைக் காணோம். பெருமழை வந்தது, மேலிருந்து பாறை உருண்டது, நம் மகள் மரிசியேலோ தூங்கிய அறை அவளோடு போனது. அப்போது அவன் ஆள் வந்து சொன்னது உனக்கு நினைவிருக்கும்: "அது இயற்கைச் சீற்றம்மா, மேயர் என்ன பண்ணுவார்?"

இந்த நாட்டில் அதிபர்கள் சட்டை மாற்றுவதுபோல் மாறுகிறார்கள். சிலர் ஜெயிலுக்குப் போகிறார்கள், சிலர் வெளிநாட்டுக்குப் போகிறார்கள். பெரிய தலை உருண்டதும் எல்லோரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஒரு சின்ன மேயரை, ஒரு சுவருக்காக, யார் கூப்பிட்டுக் கேட்பது? எனக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

வாக்குப்பதிவு அமைதியாகத்தான் போனது. எண்ணும்போதுதான் வந்தது வினை. விதி உனக்குத் தெரியும். ஒவ்வொரு சீட்டையும் விரித்து, எல்லோருக்கும் காட்டி, தலைவிதான் உரக்கப் படிக்க வேண்டும். கெண்டி, மரம், கெண்டி, வெற்று, கெண்டி என்று படித்துக்கொண்டே போனேன். ஒரு சீட்டில் கெண்டி மேல் பெருக்கல் குறி சரியாக, அழகாகப் போட்டிருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில், "ஐயா, இந்தத் தடவையாவது சுவரைக் கட்டிருங்க" என்று எழுதியிருந்தது.

சின்னத்தை மட்டும் படித்துவிட்டு மடித்திருக்கலாம். முழுவதையும் படித்தேன். உடனே கெண்டியின் பூத் ஏஜென்ட், மீசை முளைக்காத பையன், எழுந்து, "அம்மா, அது எங்க ஓட்டு. பாசமா ரெண்டு வார்த்தை எழுதியிருக்காங்க, அதுக்காகத் தள்ளுவீங்களா?" என்றான். மரக்கட்சிக்காரி, "குறியைத் தவிர ஒரு எழுத்து இருந்தாலும் செல்லாது, சட்டத்தை எடுத்துப் பாரு" என்று எகிறினாள். அவளுக்கும் சுவரைப் பற்றி ஒன்றும் அக்கறை இல்லை. இருவருக்கும் ஒரு ஓட்டு, அவ்வளவுதான்.

எனக்கு அந்த ஓட்டு செல்லாமல் போகவேண்டும் என்று இருந்தது. அவனுக்கு ஒன்று குறையுமே என்ற அற்ப ஆசை. சட்டமும் என் பக்கம்தான் இருந்தது. ஆனாலும் வாய் வரவில்லை, தியோ. எழுதியது நம் மலைக்காரர்தான். இவ்வளவுக்குப் பிறகும் அவனுக்கே போட்டுவிட்டு, அவனிடமே கெஞ்சுகிறார். ஒன்றும் கேட்காமல் போட்ட ஓட்டெல்லாம் செல்லும். கேட்டுப் போட்ட ஓட்டு மட்டும் செல்லாது. கடைசியில் "செல்லாது" என்று நான்தான் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. பையன் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அவன் ஜெயித்துவிட்டான். எண்ணி முடித்த சீட்டுகளை வழக்கம்போல் கிழித்துப் போட்டார்கள். அந்தச் சீட்டும் அதோடு போனது.

நேற்று மாலை பொதுச் சமையல் கொட்டகையில் எல்லோரும் கூடினோம். நான் நடந்ததைச் சொன்னேன். யார் எழுதியது என்று ஒருவரும் கேட்கவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் இல்லை. பிறகு நான், மலைக்குப் படிக்கட்டு போட்டதுபோல ஞாயிற்றுக்கிழமைப் பொது வேலையில் சுவரையும் நாமே கட்டிவிடலாம் என்றேன். செனோபியா அக்கா பாய்ந்துவிட்டாள். "நாம கட்டினா அவன் வந்து ரிப்பன் வெட்டிட்டுப் போவான்டி! சுவர்ப் பணத்தை அவன் திருடினது திருடினதுதானே, அதை யாரு கேக்கறது?" அவள் சொல்வது நியாயம். அவன்மேல் வழக்குப் போடுவோம், நானே சாட்சிக்கு வருகிறேன் என்றேன். ஆனால் மலைக்கு வழக்கு தெரியாது. அடுத்த மழைக்குள் தீர்ப்பு வராது. ஜாயிரை இப்போது வாசல் பக்கம் படுக்கவைத்து, நான் மலைப் பக்கம் படுக்கிறேன். அதைச் சொன்ன பிறகுதான் அக்கா அடங்கினாள்.

கல் இங்கேயே இருக்கிறது. சுமக்க ஆள் இருக்கிறது. அந்தச் சரிவில் கல்லை நிற்கவைக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான், நீ அங்கே யாருடைய தோட்டத்துக்கோ சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறாய். அன்காசி கொடுத்த பெயிண்டில் நம் வீட்டுச் சுவரில் அவன் பெயரை எழுதினாய் என்பதற்காக நீ ஊரைவிட்டே போகவேண்டியதில்லை. மலையில் பாதி வீடுகளில் அந்தப் பெயர் இருக்கிறது. எல்லோரும்தான் நம்பினோம். இங்கே உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன்.

பணம் அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. மழைக்கு முன் வந்துவிடு. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் கல்லறையில் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும்போது, மரிசியேலோவிடம் நான் மட்டும் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். என்னால் இனித் தனியாகப் போக முடியவில்லை.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
நில்டா