சங்கரி அக்காவின் வெள்ளி வளையம்

என் சங்கரி அக்கா, எங்கே இருந்தாலும் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் வந்து உட்கார்,

கோமதியம்மாள் கோயிலில் ஆடித் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டது. இளையரசனேந்தல் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டி வந்த ஜனம் நேர்ச்சைக்காகக் கோயிலைச் சுற்றிச் சுற்றி நடந்து ஆடிச்சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. உன் மகள் கோமுவும் வாக்கப்பட்ட ஊரான திருவேங்கடத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். நீ பாதியில் விட்ட சுற்றை அவள் வருஷா வருஷம் சுற்ற வேண்டும் என்பது அத்தையின் கட்டளை. நம் மாமியாருக்குக் கண் மங்கிவிட்டது, கட்டளை மங்கவில்லை.

ஓர்ப்படிகள் என்றால் கீரியும் பாம்பும் என்பார்கள். நாமும் அப்படி இருந்து தொலைத்திருந்தால் எனக்கு இன்றைக்கு இத்தனை வலி இருக்காது. அடுப்படியில் நான் ஒருத்திதான் இப்போது. குழம்பைக் கரண்டியில் எடுத்து, உப்புப் பார்க்கச் சொல்லி உன் பக்கம் கையை நீட்டிவிடுகிறேன். பிறகு நானே நக்கிப் பார்த்துக்கொள்கிறேன்.

கடைசிப் பிரசவத்தில் குழந்தை போய், நீ பிழைத்ததே பெரிது. இனி ஒன்றை இந்த உடம்பு தாங்காது என்று மருத்துவச்சியே சொல்லிவிட்டாள். அத்தையோ பேரன் வேண்டுமென்று உன் பேரில் ஆடிச்சுற்று நேர்ந்துகொண்டார். அந்த ஆனி மாசம்தான், மீனாட்சியைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு மதுரையில் ஒரு நர்ஸம்மா வீட்டுக்குப் போனோம். கருப்பைக்குள் வெள்ளி வளையம் வைத்தால் பிள்ளை தங்காது என்று நீ எங்கேயோ கேள்விப்பட்டிருந்தாய். துணைக்கு வந்த நானும் ஒன்று வைத்துக்கொண்டேன்.

சொன்னது பொய்யாகிவிடக் கூடாதென்று திரும்பும்போது என்னை இழுத்துக்கொண்டு கோயிலுக்குள் ஓடினாயே, நினைவிருக்கிறதா? சந்நிதியில் வைத்து என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாய். "யாருட்டயும் மூச்சு விடக்கூடாது ஆவுடை. செத்தாலும் சொல்லக்கூடாது" என்றாய். செத்தது நீ.

ஆடி பிறக்கும்போதே உனக்கு அடிவயிற்று வலி. சாயங்காலமானால் உடம்பு கொதிக்கும். சேலையை நீ தனியாக எடுத்துப்போய் அலசினாய். வேண்டாம் அக்கா, சுற்றாதே என்றேன். "வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பாவல்லா? என்ன சொல்ல?" என்றாய். பல்லைக் கடித்துக்கொண்டு நடக்கும்போதும் உனக்குக் கேலி போகவில்லை. "ஆம்பளப் புள்ள வேணும்னு ஒரு பக்கம் சுத்துதேன், வராம இருக்க உள்ள வளையத்த வச்சிருக்கேன். கோமதியம்மாளுக்கே குழம்பியிருக்கும்ட்டி." வடக்கு வீதி திரும்பும்போது என் தோளில் சாய்ந்துவிட்டாய்.

நடந்த களைப்பு என்றார்கள். கோயில் புற்றுமண்ணைக் குழைத்து வயிற்றில் பூசினார் அத்தை. அவர் மனசார, அழுதுகொண்டேதான் பூசினார். பிறகு டாக்டர் வந்து, "வேற என்னம்மா செஞ்ச? மறைக்காம சொல்லு" என்று இரண்டு தரம் கேட்டார். அத்தை தலைமாட்டிலேயே நின்றார். "சுத்து நடந்ததுதான் டாக்டரய்யா" என்று சொல்லிவிட்டு நீ என்னைப் பார்த்தாயே ஒரு பார்வை, அதற்குத்தான் அக்கா உன்மேல் இன்னும் கோபம். என் வாயை அந்தப் பார்வையாலேயே தைத்துவிட்டாய்.

நீ போனபிறகு, நேர்ச்சையைப் பாதியில் விட்டாள், சாமி குத்தம் என்று ஊர் பேசியது. கோமு அதைக் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தாள். உனக்கும் எனக்கும் ஒரே கை, ஒரே நாளில்தானே வைத்தது? உன்னைக் கொன்றது என்னை ஏன் விட்டது? இதை நான் யாரிடம் கேட்பது?

பல்லுக்கு வைத்தியம் என்று சொல்லி, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய் என் வளையத்தை எடுத்துக்கொண்டேன். அந்த டாக்டரம்மாவிடம் உன் கதையை வேறு யாருடையதோ மாதிரி சொன்னேன். "அந்தப் பொம்பளைக்கு முன்னமே வெள்ளைப்பாடு, நாத்தம் ஏதும் இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது. வெட்கப்பட்டு நர்ஸம்மாவிடம் நீ அதைச் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கும் சீக்கை வளையம் கருப்பைக்குள் ஏற்றிவிடும், கருவி சுத்தமில்லை என்றாலும் அதே ஆபத்துதான், அதனால் நிறைய டாக்டர்கள் இதை வைப்பதையே விட்டுவிட்டார்கள் என்றார். காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வந்த அன்றே ஓடி வந்திருந்தால் வளையத்தை எடுத்து மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம் என்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

நேற்று அடுப்படியில் கோமு என் காதோரம் வந்தாள். "சித்தி, மதுரையில ஒரு நர்ஸு பிள்ள தங்காம இருக்க வளையம் வைக்காவளாம். அடுத்தடுத்து பெத்து என்னால முடியல. நீங்க தொணைக்கு வாரீயளா? வீட்டுல சொல்லாண்டாம்."

கரண்டியைக் கீழே வைத்தேன். அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் அக்கா. சத்தியத்தை மீறினேன். என் கண் அவிந்தாலும் அவியட்டும்.

அவள் வளையத்தைப் பற்றித்தான் கேட்பாள் என்று நினைத்தேன்.

"அப்ப எங்கம்மை சாமி குத்தத்துல சாகலையா சித்தி?" என்றாள்.

இல்லை மக்கா, இல்லை என்று அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டேன்.

நாளைக்கு அவளைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போகிறேன். பிள்ளை தங்காமல் இருக்க வேறு வழிகளும் இருக்கின்றன என்று அந்த டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். எந்த வழியானாலும், முதலில் அவளை நன்றாகப் பார்க்கச் சொல்வேன். எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம், நீ எதனால் போனாய் என்று மூன்றையும் அத்தை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். உன் மகளுக்குக் காய்ச்சல் அடித்தால் அதற்கு இந்த வீட்டில் இனி வேறு பெயர் வைக்க விடமாட்டேன். இது என் சத்தியம். இதை நீ கேட்டு வாங்கவில்லை.

உன்னோடு ஒரே அடுப்பில் வெந்த
உன் ஓர்ப்படியாள்
ஆவுடை