தயானிக்குள் குடியிருந்த காய்ச்சல்

பதுளை பஸ்ஸுக்குக் கால்மணி நேரம் இருந்தது. தயானி மகளின் பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, தேயிலை மலையில் வேலைக்குப் போயிருந்த கணவனுக்கு எழுதினாள்.

"ஏங்க, என்னைய ஆஸ்பத்திரியில தங்கச் சொல்லிட்டாங்க. நெருப்புக் காய்ச்சல், அதான் டைபாய்டு, அந்தக் கிருமி என் பித்தப்பையில குடியிருக்காம். எனக்கு ஒண்ணும் செய்யாதாம். என் கையால சாப்பிடுறவங்களுக்குத்தான் காய்ச்சல் வருமாம். உங்க தங்கச்சிதான் வியாதியக் கொண்டாந்தான்னு சண்டை போட்டு வெரட்டினேனே, அவளுக்குக் காய்ச்சலக் குடுத்ததே நான் பிசைஞ்ச தேங்காய்ச் சம்பல்தான். பாப்பாவுக்கு முந்தி வந்ததும் அப்படித்தான். இன்னைக்கு ஒண்ணும் சமைக்கல. பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடையில பாண் ரொட்டி வாங்கிக் குடுங்க. நாளைக்கு வேலைக்குப் போறப்போ சாவிய பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போங்க, பாப்பா வாங்கிக்குவா."

எழுதிவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். வலியில்லை, சூடில்லை. ஏழு வருடமாக மகளுக்கு ஊட்டிய கை. தனக்குள்ளே ஏதோ ஒன்று சத்தமில்லாமல் பெருகிக்கொண்டிருக்கிறது என்று நினைத்ததும் உடம்பு கூசியது.

கீழே ரோட்டில் பஸ் ஹார்ன் கேட்டது. அவசரமாக ஓரத்தில் எழுதினாள்: "தங்கச்சிய வீட்டுக்குக் கூப்பிடுங்க. நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, தாளின் அடியில் நெருக்கி எழுதினாள்:

"இத வாசிச்சதும் கைய சவுக்காரம் போட்டுக் கழுவிடுங்க."