சிவப்புக் குறி போட்ட தைலமரம்

கங்காரு தீவு,
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகள் பிரையனிக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுகமாகவே இருக்கிறோம், எடின்பரோ குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும், காதை மூடிக்கொண்டு நட. ஆடுகள் குட்டி போட ஆரம்பித்துவிட்டன, புது வீட்டுக் கூரை இன்னும் ஒழுகவில்லை. வனப்பூங்காவில் முகத்துவாரத்துக்குப் போகும் நடைபாதையைப் போன வாரம் திறந்துவிட்டார்கள். அந்தப் பேச்சை எடுத்தாலே அப்பா ஏன் போனை என்னிடம் தள்ளிவிடுகிறார் என்று கேட்டாயே, உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் கேட்டார், நான் கொடுக்கவில்லை. அந்தப் பாதை வளைவில் நின்ற உன் தைலமரம் இப்போது இல்லை, பிரையனி. அதை வெட்டச் சொல்லிக் குறி போட்டது உன் அப்பாதான்.

காட்டுத்தீயில் வீடும் போய் நீ படகேறிய அன்று, அந்த மரம் துளிர்க்கட்டும், அப்ப வர்றேன் என்று சொன்னாய். விளையாட்டுக்குச் சொன்னாயோ என்னவோ, மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார். சில மாதத்திலேயே கரிக்கட்டையாய் நின்ற மரம் உடம்பெல்லாம் துளிர் விட்டது. உடனே சொல்லுவோம் என்றேன், கொஞ்சம் அடர்த்தியாகட்டும், படம் எடுத்து அனுப்பலாம் என்றார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம், நினைத்து நினைத்து எனக்கு ஆறவில்லை. அடுத்த கோடையில், தைல இலையைத் தவிர வேறெதையும் தின்னாத நம் கோவாலாக்கள் தண்ணீருக்குத் தவித்தபோது, உன் மரமாயிற்றே என்று அதன் அடியிலேயே தொட்டி வைத்தார். குடிக்க வந்தவை அப்படியே மேலே ஏறித் துளிரை மொட்டையடித்துவிட்டன. அந்த நேரம் பார்த்து அவர் இடுப்பு ஆபரேஷனுக்கு அடிலெய்ட் போய்க் கிடந்தார். திரும்பி வந்து பார்த்தால் மரம் வெறுமையாக நின்றது, துளிர் விட்டும் பட்டுப்போன எத்தனையோ மரங்களில் இதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டார். பாதையைச் சீர்செய்ய அவர் சேர்ந்திருந்த குழுவின் தலைவி நோரீன் அவரிடம், ஒரு மழை பாத்துட்டு வெட்டலாமே மெர்வின் என்று சொல்லிப் பார்த்தாள். என் மக மரம்னா மட்டும் ஆள் தலையில விழாதா என்று சிவப்புச் சாயத்தை அவரே அடித்தார்.

வெட்டி விழுந்த கிளைகளைப் புரட்டியபோது, கோவாலா கடித்துப்போட்ட காம்பெல்லாம் உள்ளே பச்சையாக இருந்ததாம், மரம் பட்டுப்போகவே இல்லை. நோரீன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், கோவாலாவுக்கு விருந்து வெச்சு மகளைப் பட்டினி போட்டுட்டியே என்று கேலி பேசியிருக்கிறாள். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து குழுவுக்கும் போவதில்லை. பிறகு அவளே தேன் ஜாடியோடு வீட்டுக்கு வந்து அழுதாள், இவர் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை.

நேற்று அவரிடம் சொல்லாமல் நான் அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். வேர் அழுகல் நோய் உள்ளே போகாமலிருக்க, பூங்கா முகப்பில் பூட்ஸ் மண்ணைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போனேன், அதில் அவர் வளர்ப்பு தப்பாது. அடிமரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குத் துளிர் வந்திருக்கிறது. அதைச் சுற்றி ஒரு கம்பிவலை, நம் ஆட்டுப்பட்டியில் காணாமல் போன அதே வலை.

கம்பளிக் கையுறை வாங்கிக்கொள், ராத்திரி வேலைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. நீ நல்லபடியாக இருக்க வேண்டும், உனக்காக வேண்டாத நாளில்லை. அப்பாவைக் கூப்பிடு, தொட்டியைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே. மரம் துளிர்த்தால் வருவேன் என்றுதான் சொன்னாய், எவ்வளவு உயரம் என்று நீ சொல்லவில்லை.

உன் அம்மா,
கிளெனிஸ்